கொதித்து ஆறிய தண்ணீர்

என் மனைவியின் இரைப்பையிலிருந்து எடுத்த நான்கு சதைத் துணுக்குகளைக் கெடுத்தவன் நான்தான். கவலையீனமாகச் செய்யவில்லை. யோசித்து, சுத்தம் பார்த்து, நிதானமாகச் செய்தேன். பன்னிரண்டு வருடங்களாக உறவுக்காரர் எவருக்கும் சொல்லாததை இப்போது எழுதுவது, அந்தத் தவறுக்குப் பிறகு இரண்டு வைத்தியர்கள் வேலை செய்த விதத்தை எழுதிவைக்க வேண்டும் என்பதற்காக. அவர்களைப் பற்றி எழுதிவிட்டு என் பங்கை மட்டும் விட்டுவிட முடியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு நாற்பத்தொரு வயது, அவளுக்கு முப்பத்தெட்டு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் ஒரு நில அளவைக் கந்தோரில் படவரைஞர். அவள் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணித ஆசிரியை. காலை ஆறு நாற்பதுக்குக் காலி வீதியில் பஸ் ஏறுவாள். அடையாள அட்டையைக் கைப்பைக்குள் வைக்காமல் கையிலேயே வைத்திருப்பாள். எப்படியும் இரண்டு சோதனைச் சாவடியில் காட்ட வேண்டியிருக்கும்.

அந்த வருடம் அவள் பாதிச் சோற்றிலேயே கோப்பையை ஒதுக்கத் தொடங்கினாள். சட்டைகள் தொளதொளத்தன. 'காஸ்ரிக்' என்று சொல்லி மூன்று மாதம் வெள்ளை மருந்து குடித்தாள். கொழும்பில் யாருக்குத்தான் காஸ்ரிக் இல்லை என்று நானும் இருந்துவிட்டேன். பிறகு ஒருநாள் மலம் தார் போலக் கறுத்துப் போனது. அடுத்த கிழமையே சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போனோம்.

அவர் சிங்களவர், சிறிய உடம்பு, என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். சண்டை தொடங்குவதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் வேலை செய்தவர். அங்கே பொறுக்கிய தமிழை விடாமல் பேசுவார். ஒரு வெள்ளிக்கிழமை காலை தனியார் மருத்துவமனை ஒன்றில் வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அவருடைய குரல் கேட்டது. "விழுங்குங்கோ அம்மா, விழுங்குங்கோ. ஆ, கெட்டிக்காரி. இன்னும் ஒருக்கா."

வெளியே வந்து, இரைப்பையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு வீக்கம் இருப்பதாகவும், நான்கு துணுக்கு எடுத்திருப்பதாகவும், அதைச் சோதித்தால்தான் என்னவென்று சொல்லலாம் என்றும் சொன்னார். தாதி ஒரு சிறு போத்தலை என்னிடம் தந்தார். கட்டைவிரல் உயரம். உள்ளே சதையைக் கெடாமல் வைத்திருக்கும் ஃபோர்மலின், அதன் அடியில் அரிசிக் குறுணை போல நான்கு வெள்ளைப் பொட்டுகள். மேலே நஞ்சு என்று ஆங்கிலத்தில் ஒரு சிவப்பு ஒட்டுத்தாள். அதை நோயாளியின் ஆட்களே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அன்றைய வழக்கம் அது. ஆய்வுகூடம் கொட்டாஞ்சேனையில்.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்தேன். சமையலறை மேசையில் போத்தலை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாளுக்கு முன்புதான், கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் ஒரு ஸ்டூடியோக்காரனை வீதியோரம் நிறுத்தி வைத்திருந்ததைப் பஸ்ஸிலிருந்து கண்டேன். படம் கழுவுகிற திரவம் ஒரு போத்தல் அவன் கையில் இருந்ததாம். காலையில் நான் போகும்போது நின்றவன், பின்னேரம் திரும்பும்போதும் நின்றான். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். என் கையில் இருப்பதோ மூக்கைக் குத்துகிற, நஞ்சென்று எழுதிய போத்தல். என்னைப் பிடித்து வைத்தால் போத்தல் போகும். அது போனால் அவள் மறுபடி குழாய் விழுங்க வேண்டும்.

ஆகவே கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். ஆறவிட்டேன். துவைத்த பருத்தித் துணியால் வடித்தேன். துணுக்கு ஒன்றும் தவறிப்போகாமல் தேநீர் வடியைப் பிடித்துக்கொண்டு ஃபோர்மலினைச் சிங்குக்குள் ஊற்றினேன். வடித்த தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பினேன். சிவப்பு ஒட்டுத்தாளை நனைத்து உரித்தேன். மூடியை இறுக்கும்போது மனதுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

கோட்டைக்கு அண்மையில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் என் பையைக் கிளறிப் போத்தலைத் தூக்கினான். "மே மொகக்த?" இது என்ன என்று கேட்டான்.

"பெஹெத், மஹத்தயா," என்றேன். மருந்து என்று சொன்னால் போதுமென்று நினைத்தேன்.

அவன் மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். "வதுர," என்று மற்றவனுக்குச் சொல்லிச் சிரித்தான். வெறும் தண்ணீராம். என்னைப் பார்த்துத் தலையால், போ என்றான். என் யோசனை சரிவந்துவிட்டது.

ஆனால் பஸ் அதற்கு மேல் போகவில்லை. புறக்கோட்டைப் பக்கம் ஏதோ தேடுதல் என்று வீதியை மூடிவிட்டார்கள். ஒன்றரை மணித்தியாலம் நின்றுவிட்டுத் திரும்பினேன். ஆய்வுகூடம் சனி, ஞாயிறு பூட்டு. போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை. உள்ளே பாலும் பருப்பும் கோவிலில் தந்த பஞ்சாமிர்தமும் இருந்தன. மச்சமாமிசம் படாத நாளில் அதற்குள் சதையைக் கொண்டுபோய் வைக்க மனம் ஒப்பவில்லை. புத்தக அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். திங்கள் காலை பத்து மணிக்குத்தான் கொட்டாஞ்சேனையில் கொடுத்தேன்.

புதன்கிழமை கந்தோருக்கு ஒரு தொலைபேசி வந்தது. ஆய்வுகூட வைத்தியர் என்னை நேரில் வரச்சொன்னார்.

அவர் அறுபதை நெருங்கிய தமிழ்ப் பெண்மணி. தன் வீட்டின் முன்னறையையே ஆய்வுகூடமாக வைத்திருந்தார். ஜன்னலோரம் இரண்டு நுணுக்குக்காட்டிகள். கண்ணாடித் தட்டுகளை அடுக்கிய மரத் தட்டங்கள். மின்விசிறி இருந்தும் போடமாட்டார், மெல்லிய சதைச் சீவல் பறந்துவிடும் என்று.

"இதை ஆர் கொண்டுவந்தது?"

"நான்தான் டொக்டர்."

"மூக்கைக் கிட்டக் கொண்டுவாங்கோ."

அவர் நீட்டிய போத்தலுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். புறக்கோட்டை மீன்சந்தையில் கடை கட்டிய பிறகு வருகிற மணம்.

"ஃபோர்மலின் எண்டால் கண்ணாலைதான் தண்ணி வரவேணும். இது வயித்தைப் பிரட்டுது. உதுக்குள்ளை என்ன விட்டனீங்கள்?"

"தண்ணி."

"என்ன தண்ணி?"

"கொதிச்சு ஆறின தண்ணி. வடிகட்டினது."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "வடிகட்டினதோ? உப்புப் போடேல்லையோ?"

நான் போத்தலிலிருந்து மூக்கை எடுத்தேன்.

"எத்தினை வருசமாய் இந்த வேலை பாக்கிறன். சாராயத்திலை போட்டுக் கொண்டுவந்தவன் இருக்கிறான். தேனிலை கொண்டுவந்த மனுசி இருக்கிறா. சூப்பாய்க் கொண்டுவந்தது ஐயாதான் முதல் ஆள். என்ன உத்தியோகம்?"

"படவரைஞர்."

"அப்ப கோடு நேராய்த்தான் கீறுவியள்."

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டார். சோதனைச் சாவடியைப் பற்றிச் சொன்னேன். ஸ்டூடியோக்காரனைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டுப் போத்தலை மூடி ஒரு பக்கமாக வைத்தார். அதன் பிறகு அவர் ஒருதரமும் என்னைப் பகிடி பண்ணவில்லை.

"இஞ்ச வந்து பாருங்கோ. நாலிலை மூண்டு கரைஞ்சு போச்சு. ஒண்டிலை ஒரு மூலை மிஞ்சிக் கிடக்கு."

நுணுக்குக்காட்டிக்குள் ஊதா நிறத்தில் சிந்திய குரக்கன் மணிகள் போல ஏதோ தெரிந்தது. சிறியவை, கறுத்தவை, இடைவெளியே இல்லாமல் நெரிந்தவை.

"பின்னேரம் அஞ்சு மணி பஸ்ஸைப் பாத்திருப்பியள்தானே. ஒருத்தன்ரை முழங்கையைச் சுத்தி மற்றவன் வளைஞ்சு நிப்பான். அப்பிடித்தான் உதுகள் நிக்குதுகள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஆனால் சந்தேகத்தை நான் றிப்போட்டிலை எழுதமாட்டன்."

பொறுமையாக விளக்கினார். இது இரைப்பையில் சாதாரணமாக வருகிற புற்றாக இருக்கலாம். அப்படியென்றால் நேரே வெட்டலாம். நிணநீர்ப் புற்றாக இருக்கலாம். அப்படியென்றால் பெரும்பாலும் மருந்துதான். மூன்றாவதாக, சிறுகலப் புற்று என்று ஒன்று உண்டு. அது நுரையீரலில் வருவது. உணவுக்குழாய், இரைப்பை, குடல் போன்ற இடங்களில் மிக அரிது. வந்தால் மற்றவற்றைவிட வேகமாகப் பரவும். அதற்கு வெட்டுவது மட்டும் போதாது, மருந்து மட்டும் போதுமென்றும் சொல்ல முடியாது.

"பேர் பிழைச்சால் வைத்தியம் பிழைக்கும். எனக்கு வேறை துண்டு வேணும், நல்ல ஆழமாய் எடுத்த துண்டு. சேர்ஜனிட்டைப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ. நான் நினைக்கிறது சரியெண்டால் எங்களுக்கு நாள் இல்லை."

வீட்டுக்கு வந்தபோது அவள் சாய்கதிரையில் இருந்து மாணவிகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் சிவப்புப் பேனையை மூடிவைத்தாள்.

"ஃபோர்மலினை எங்கை ஊத்தினனீங்கள்?"

"சிங்குக்குள்ளை."

"பிறகு?"

"தண்ணி விட்டன்."

"எங்கடை தேத்தண்ணிக் கேத்திலிலை கொதிச்ச தண்ணியோ?"

"ஓம்."

"திரும்பவும் அந்தக் குழாயை விழுங்கவேணுமெல்லே," என்றாள். பிறகு, "நாளைக்கு டொக்டரிட்டை நீங்கள்தான் சொல்லவேணும். நான் பக்கத்திலை இருந்து பாக்கவேணும்."

"ஏனப்பா?"

"நீங்கள் ஒருக்கா மன்னிப்புக் கேக்கிறதைப் பாக்க ஆசை. கலியாணம் கட்டிப் பதினொரு வருசம்."

அடுத்தநாள் சத்திரசிகிச்சை நிபுணரின் அறையில் சொன்னேன். ஏசுவார், அல்லது வேறு ஆளிடம் போங்கள் என்பார் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஃபோர்மலின் இல்லாம எத்தன மணித்தியாலம்?"

"வெள்ளி பகல் ரெண்டு மணியிலையிருந்து திங்கள் பத்து வரை. அறுபத்தெட்டு."

அதை அவளுடைய பதிவுத்தாளில் எழுதினார். எழுதிவிட்டுப் பேனையை வைக்காமல் இருந்தார்.

"பத்து வருசமா நான் ஆக்களிட்ட போத்தல் குடுக்கிறன். அது எந்த றோட்டால போகுது எண்டு நான் நினைக்கவே இல்ல." பிறகு அவளைப் பார்த்து, "நாளைக்குக் காலம ஆறரை. ஒண்டும் சாப்பிட வேணாம். பொறுப்பீங்கதானே அம்மா?" என்றார்.

"இவர் பொறுத்தால் நான் பொறுப்பன்," என்றாள்.

மறுநாள் எட்டுத் துணுக்குகள் எடுத்தார். போத்தலைத் தானே மூடிப் பிளாஸ்டரால் சுற்றினார். ஒரு கடிதத்தைத் தன் கையால் சிங்களத்தில் எழுதி, ரப்பர் முத்திரை குத்தி, போத்தலோடு கட்டினார். இதற்குள் இருப்பது ஒரு நோயாளியின் உடலின் பகுதி, திறந்தால் கெட்டுவிடும், கொண்டுபோகிறவரைத் தாமதிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். கோட்டையில் அன்று நின்ற சிப்பாய் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான். போத்தலை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் திருப்பித் தந்தான். சில மாதத்துக்குப் பிறகு அந்த வைத்தியரின் மேசையில் அதே கடிதம் ஒரு கட்டாக அச்சடித்துக் கிடந்ததைக் கண்டேன். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

ஆய்வுகூட வைத்தியர் இந்தமுறை வெள்ளி கலந்த சாயம் என்று ஒன்றும் ஏற்றிப் பார்த்திருக்கிறார். பார்த்தபின்னும் அறிக்கையை எழுதவில்லை. தட்டுகளைத் தானே எடுத்துக்கொண்டு, தன்னைவிட மூத்த ஒருவரிடம் போய், தன் அபிப்பிராயத்தைச் சொல்லாமல், பாருங்கள் என்று மட்டும் கொடுத்திருக்கிறார். அந்த மனிதரும் அதே பெயரைச் சொன்ன பிறகுதான் கையெழுத்து வைத்தார். இரைப்பையில் சிறுகலப் புற்று.

அறிக்கையோடு சத்திரசிகிச்சை நிபுணரிடம் போனபோது, அவளை வெளியே வாங்கில் இருத்திவிட்டு நான் முதலில் உள்ளே போனேன். எங்கள் ஆட்கள் மத்தியில் அந்த நோயின் பெயரை வாயால் சொல்வதில்லை. 'மகரகம' என்று, அதற்கான ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரைச் சொல்வார்கள். அதையும் குரலைத் தாழ்த்தித்தான்.

"டொக்டர், அவளுக்குச் சொல்லவேண்டாம். அல்சர் எண்டு சொல்லுவம்."

அவர் என்னைப் பார்த்தார். "வயிறு ஆருட? உங்கடயா?"

அவளை உள்ளே கூப்பிட்டார். கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, நோயின் பெயரைத் தமிழிலேயே சொன்னார். பிறகு ஒரு தாளை எடுத்து இரைப்பையை வரைந்தார். இருபது வருடமாகக் கோடு வரைகிறவன் நான். பேனையைத் தூக்காமல் ஒரே இழுப்பில் அப்படி ஒரு வளைவை நான் வரைந்ததில்லை. வீக்கத்தை நிழலிட்டார். எங்கே வெட்டுவது, மிஞ்சிய துண்டோடு சிறுகுடலைக் கவைத்தடி போல எப்படிப் பொருத்துவது என்று காட்டினார்.

"எவ்வளவு எடுப்பியள்?" என்று கேட்டாள்.

"முக்கால்."

"அப்ப கால் மிச்சம்."

"ஓம், கால்."

"கால் வயித்தோடை பள்ளிக்கூடத்துக்குப் போகேலுமோ?"

"போகலாம். ஆனா கொஞ்சம் கொஞ்சமா ஆறுதரம் சாப்பிட வேணும்."

"எங்களுக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பாடம். ரெண்டு பாடம் சாப்பிடாமல் படிப்பிச்சால் சரி."

அவர் சிரித்தார். ஆனால் இப்போதே வெட்டமாட்டேன் என்றார். எனக்கு அது விளங்கவில்லை. வெட்டி எறிந்துவிட்டால் முடிந்ததுதானே, ஏற்கெனவே நாள் போய்விட்டதே என்று வாதாடினேன். அவர் ஆங்கிலத்துக்கு மாறி, மெதுவாகப் பேசினார். உணவுப் பாதையில் இந்த வகையை அவர் இதற்கு முன் இரண்டு பேரிடம்தான் கண்டிருக்கிறார், ஒன்று இரைப்பையில், ஒன்று பெருங்குடலில். முதல் ஆளை உடனேயே வெட்டினாராம். சுத்தமான வேலை, தனக்கே பெருமையாக இருந்ததாம். சில மாதத்துக்குள் ஈரல் முழுக்கப் பரவி அந்த மனிதர் இறந்துபோனார். கடைசியில் அவளுக்காகத் தமிழில் சொன்னார்: "கத்தி நல்லா வேல செஞ்சது. ஆனா வருத்தம் கத்திக்கு முன்னாலயே போயிட்டுது."

ஆகவே முதலில் மருந்து மூன்று தடவை. அது உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப் போகும். பிறகு மறுபடி பார்ப்பது. சுருங்கியிருந்து, வேறெங்கும் இல்லையென்றால் வெட்டுவது. அதன் பிறகும் மருந்து. இதுதான் சரியான வழி என்று அடித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது, அவ்வளவு குறைவான பேருக்கே இது வருகிறது, தான் வாசித்ததையும் தான் இழந்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன் என்றார். தனக்குத் தெரியாததை இவ்வளவு தெளிவாகச் சொன்ன வைத்தியரை அதற்கு முன் நான் கண்டதில்லை.

மார்புப் படத்தில் நுரையீரல் சுத்தம். ஈரலிலும் ஒன்றும் தெரியவில்லை. மகரகமவுக்குப் போய்வரத் தொடங்கினோம். மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். இரண்டாம் தடவையோடு தலைமயிர் கொட்டியது. அவள் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போனாள். மாளிகாவத்தையிலிருந்து வரும் முஸ்லிம் ஆசிரியை ஒருவர் முதல் நாளே இவளைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், இது என்ன தலப்பாவா? இங்க வாங்க, வழுக்காமக் கட்டித் தாரேன்," என்று அவிழ்த்துக் கட்டிவிட்டாராம். வாந்தி நிற்காத நாட்களில் மட்டும் லீவு எடுத்தாள். வீட்டில் என் பெயர் மாறிவிட்டது. "சூப்புக்காரர், கொஞ்சம் கஞ்சி தாங்கோ," என்பாள். அவள் அப்படிக் கூப்பிட்ட நாட்களில் எனக்குச் சற்று மூச்சு வந்தது.

மூன்றாம் தடவைக்குப் பிறகு குழாய் விட்டுப் பார்த்தார். வீக்கம் இருந்த இடத்தில் ஒரு சுருங்கிய தழும்பு. அரசாங்க ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை வெட்டுவதென்று நாள் குறித்தார். அவளைச் செவ்வாய்க்கிழமையே வார்ட்டில் சேர்த்தோம்.

புதன்கிழமை முற்பகல் நகரில் ஒரு குண்டு வெடித்தது. கந்தோர் ஜன்னல்கள் அதிர்ந்தன. பிற்பகல் நான் வார்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டில்களுக்கு இடையில் பாய் விரித்து ஆட்களைக் கிடத்தியிருந்தார்கள். அவள் தன் கட்டிலை ஒரு சிங்களப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, சுவரோரம் ஒரு கதிரையில் இருந்தாள். அந்தப் பெண்ணின் முகம் முழுவதும் கண்ணாடிச் சில்லுகள். வியாழன் போனது. வெள்ளியும் பாதி போனது. எங்கள் வைத்தியர் சத்திரசிகிச்சைக் கூடத்தைவிட்டு வெளியே வரவில்லை.

வெள்ளி பிற்பகல் நான்கு மணிக்கு அவரை நடைபாதையில் பிடித்தேன். கண்கள் சிவந்து, தாடி முளைத்திருந்தது. காயக்காரர்களின் வேலை முடிந்துவிட்டது, ஒரு கூடம் இப்போது வெறுமையாக இருக்கிறது என்று தாதி சொன்னதைக் கேட்டிருந்தேன்.

"டொக்டர், இண்டைக்கு எடுக்கேலாதோ?"

"எடுக்கலாம். கை இருக்கு. கண் இல்ல."

"கெதியாய்ப் பரவும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"ஓம், நான்தான் சொன்னது. அதுக்காகத்தான் இப்ப நான் நித்திர கொள்ளப் போறன்." என் தோளில் கையை வைத்தார். "முதல் தரம் வெட்டுறதுதான் நல்ல தரம். ரெண்டாம் தரம் இல்ல. ஞாயித்துக்கிழம."

எனக்குக் கோபம்தான் வந்தது. அதை மறைக்காமல் வார்ட்டில் போய் அவளிடம் சொன்னேன்.

"அந்த மனுசன் மூண்டு நாளாய் ஆரின்ரையோ கையையும் காலையும் தைச்சுக்கொண்டு நிண்டவர்," என்றாள். "படுக்கட்டும். நீங்களும் போய் முகத்தைக் கழுவுங்கோ, பாக்கேலாமல் கிடக்கு."

ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாளில், தன் ஆட்களை வீட்டிலிருந்து கூப்பிட்டுச் செய்தார். காலை ஏழு ஐம்பதுக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்று பத்துக்குக் கதவு திறந்தது. முகம் மழித்து, கண் தெளிந்திருந்தார். கையில் துணி மூடிய தட்டம்.

"ஆள் நல்லம். பாக்கிறீங்களா?"

பார்த்தேன். வெளிறிய ரோஜா நிறத்தில், ஓரம் பிரித்து விரித்த பை. நடுவில் பெருவிரல் நகத்தளவு தழும்பு. அதைச் சுற்றி நாலாபக்கமும் நல்ல சதை தாராளமாக விட்டு வெட்டியிருந்தார். விளிம்பு எங்கும் பிசிறில்லை. பக்கத்தில் பதினொரு சிறு போத்தல்கள், ஒவ்வொன்றிலும் இலக்கம். இரைப்பையைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களை இடம் இடமாகப் பிரித்துப் போட்டிருந்தார். ஒரு தாளில் இரைப்பையை வரைந்து, எந்த இலக்கம் எங்கிருந்து எடுத்தது என்று குறித்திருந்தார். காணியில் அளந்துவிட்டு வருகிறவர்களின் குறிப்புக் கொப்பிகளை வைத்துத்தான் நான் படம் வரைகிறேன். நல்ல அளவையாளர்கள் பலரோடு வேலை செய்திருக்கிறேன். ஐந்து மணித்தியாலம் ஒரு மனித வயிற்றுக்குள் நின்றுவிட்டு வந்து இவ்வளவு ஒழுங்கான குறிப்பை ஒருவர் எழுதுவார் என்று நான் நினைத்ததில்லை.

"ஈரல முழுக்கக் கையால தடவிப் பாத்தன். ஒண்டும் இல்ல," என்றார்.

பத்து நாளில் கொட்டாஞ்சேனையிலிருந்து அறிக்கை வந்தது. வெட்டு விளிம்புகள் சுத்தம். தழும்புக்குள் கொஞ்சம் கலங்கள் மிஞ்சியிருந்தன. இருபத்துமூன்று கணுக்களைச் சோதித்ததில் இருபத்திரண்டு சுத்தம். ஒன்றில் இருந்தது.

அந்த ஒன்று என்னை விடவில்லை. தையல் வெட்டப் போன அன்று, அவள் உடை மாற்றும் திரைக்குப் பின்னால் இருக்கும்போது அவரிடம் கேட்டேன்.

"டொக்டர், அந்த ஒண்டுக்கு... நான் வீணாக்கின நாளிலையோ அது போனது?"

கையைக் கழுவி, துடைத்துவிட்டு வந்தார்.

"இல்ல எண்டு சொன்னா உங்களுக்கு நித்திர வரும். ஆனா எனக்குத் தெரியாது. அதுக்கு முன்னயும் போயிருக்கலாம். நான் நித்திர கொண்ட நாளிலயும் போயிருக்கலாம். அது இப்ப வெளிய வந்திட்டுது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

திரைக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரல் வந்தது. "ரெண்டு பேரும் என்ரை வயித்தைப் பங்கு போட்டது போதும்."

மருந்து இன்னும் மூன்று தடவை. பிறகு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று அவரிடம் போய்வந்தோம். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிச் செய்வார். முதலில் கண்ணின் வெள்ளை. பிறகு இடப்பக்கக் கழுத்தெலும்புக்கு மேலே மூன்று விரல். பிறகு வயிறு. அவருடைய விரல்கள் நிற்கிற இடத்தில் என் மூச்சும் நிற்கும்.

ஐந்தாம் வருடம், "இனி வருசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்," என்றார்.

"அப்ப சுகமோ?" என்று அவள் கேட்டாள்.

"சொல்ல மாட்டன்."

"எப்ப சொல்லுவியள்?"

"தெரியாததச் சொல்ல மாட்டன் அம்மா."

"சரி. அடுத்த வருசமும் கேப்பன்."

ஒவ்வொரு வருடமும் கேட்கிறாள். சண்டை இன்னும் ஓயவில்லை. சத்திரசிகிச்சை நிபுணருக்குத் தலை நரைத்துவிட்டது. ஆய்வுகூட வைத்தியர் கண் மங்கி வேலையை விட்டுவிட்டார். நிபுணரை எங்கே கண்டாலும், அந்தக் கணித டீச்சர் எப்படி என்று அவர் கேட்பாராம். போன மாதம் பன்னிரண்டாம் வருடச் சோதனைக்குப் போனோம். நிபுணர் கழுத்தெலும்புக்கு மேலே விரல்களை வைத்து நெடுநேரம் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தலையசைத்தார். அவள் வழக்கம்போலக் கேட்டாள்.

"சொல்ல மாட்டன்," என்றார்.

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு மேசையிலிருந்து இறங்கினாள். மணி எட்டேகால். மூன்றாம் பாடத்துக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர இன்னும் நேரம் இருந்தது.